எரிகிற அடுப்பு மட்டும்

மூக்காயிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும் என்று தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சொல்வார்கள். அது பாதிப் பொய். அவளுக்கு இரண்டும் பேசும். ஏழு வருடத்துக்கு முன்னால், மூத்தார் பெண்டாட்டி சிட்டம்மா ஒரு கரண்டிக் குழம்புக்காக, "என் அடுப்புல பொங்கித் தின்னுக்கிட்டு என்னையே எதுத்துப் பேசுறியா?" என்று கேட்டுவிட்டாள். மூக்காயி அப்போதே கீழே ஓடுகிற ஓயாவுக்கு இறங்கிப் போனாள். மூன்று கல்லைப் பொறுக்கி, தலையில் ஒன்றும் இடுப்பில் இரண்டுமாகச் சுமந்து வந்து, காம்பராவுக்கு முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையின் மறுகோடியில் போட்டாள். போடும்போது அவள் சொன்னவற்றை எழுதினால் காகிதம் தாங்காது. அன்று சாயந்தரமே அந்தக் கல்லின் மேல் உலை கொதித்தது.

அன்றிலிருந்து அந்த ஒற்றைக் காம்பராவுக்கு இரண்டு அடுப்பு. உள்ளே தொங்கிய சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் மூக்காயி, அவள் புருஷன் அழகமுத்து, மகள் புஷ்பம். அந்தப் பக்கம் அழகமுத்துவின் அண்ணன் முத்துவீரன், சிட்டம்மா, அவர்களுடைய நாலு பிள்ளைகள். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடத்தில் ஒன்பது பேர். ஒருவர் இருமினால் மற்ற எட்டுப் பேருக்கும் தூக்கம் போகும். அரநாயக்கப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் இது ஒன்றும் அதிசயம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருடம் அந்தத் தோட்டத்தில் புது லயம் கட்டினார்கள். இருபத்திரண்டு காம்பரா, தகரக் கூரை, பலகைக் கதவு, உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். அடுப்புக்கு ஒரு காம்பரா என்று துரை உத்தரவு போட்டார்.

தாழ்ப்பாள் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்காயி அது தனக்கு வேண்டும் என்று தீர்மானித்தாள். காரணம் இருந்தது. புஷ்பத்துக்குப் பதின்மூன்று வயது. சிட்டம்மாவின் தம்பி ஒருவன், நாற்பதைத் தாண்டியவன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன், சாராயத்தைத் தவிர வேறொன்றையும் நினைக்காதவன், அடிக்கடி வந்து சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டான். புஷ்பத்தை அவனுக்குக் கட்டி வைப்பதாக முத்துவீரன் வாக்குக் கொடுத்திருந்தான். அழகமுத்து மட்டும், "ஏம் புள்ளயக் குடுக்க நீ யாருண்ணே?" என்று ஒரே பேச்சில் நின்றான். தனிக் காம்பரா கிடைத்தால் அந்தப் பேச்சு முடிந்தது. கிடைக்காவிட்டால் முடியாது.

அடுப்பு என்றால் என்ன என்று அந்த மலையில் யாரும் யாரையும் அதுவரை கேட்டதில்லை. கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு விதமாக. பெண் பார்க்க வந்தவர்கள், "வீட்டுல எத்தனை அடுப்பு?" என்றால் அண்ணன் தம்பி சண்டையை விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம். அரிசி போடும்போது கங்காணி, "இந்த அடுப்புக்கு எத்தனை வாய்?" என்றால் அது குடும்பம். அவள் அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் பட்டினி. அடுப்பு மூட்டாத வீடு என்றால் சாவு வீடு. கீழே கிராமத்துச் சிங்களவர்கள் லிப என்பார்கள். கடை வைத்திருந்த ஹலீம் நானா வீட்டில் அடுப்பும் அது இருக்கும் அறையும் சேர்த்துக் குசினி. கல் என்னவோ எல்லா வீட்டிலும் அதே மூன்று கல்தான்.

இந்தச் சொல்லுக்கு ஒரு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் நல்லையா, யாழ்ப்பாணத்து ஆள், தமிழ் படித்தவர், படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உத்தரவை, காலையில் ஆள் கூடிப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் வாசித்துவிட்டு அவர் அதோடு விடவில்லை.

"அடு எண்டால் சமைக்கிறது. சமைக்கிற இடம் அடுப்பு. ஆனால் அடு எண்டால் கொல்லுறது எண்டும் பொருள் இருக்குது. கிட்ட வாறதுக்கும் அடு எண்டுதான் சொல்லுறது. மூண்டும் ஒரே சொல்லு. இது உங்களுக்கு விளங்காது" என்றார்.

விளங்காது என்று தெரிந்தும் ஏன் சொன்னார் என்பதுதான் மூக்காயிக்கு விளங்கவில்லை. மற்றபடி கொல்லுகிறதும் கிட்ட வருகிறதும் அவளுக்குப் புதிய சங்கதி இல்லை.

அடுப்புக்கு ஒரு காம்பரா என்றதும் ஜனம் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் எங்கே பார்த்தாலும் மூன்று கல். கல்யாணம் ஆகாத இளவட்டங்கள் ஆளுக்கு மூன்று கல். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூன்று கல். பலாமரத்தடியில் இரண்டு இடத்தில் மூன்று கல். அப்பனோடு கோபித்துக்கொண்ட மகன், மாமியாரோடு கோபித்துக்கொண்ட மருமகள், கோபமே இல்லாமல் கோபித்துக்கொண்டவர்கள், எல்லாரும் கல் போட்டார்கள். முப்பது குடும்பம் இருந்த லயத்தில் அறுபத்தோரு அடுப்பு முளைத்தது.

துரை குதிரையில் வந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழில், "என்ன கிளாக்கர், இங்க எல்லாம் சாமி வச்சிருக்கு?" என்று கேட்டார். அடுப்பு என்று தெரிந்ததும் அவர் முகம் சிவந்தது. எரிகிற அடுப்பை மட்டும் எண்ண வேண்டும், வெள்ளிக்கிழமை விடியலில், ஒருவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல் எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லாமல் எண்ண வேண்டிய அந்த விஷயம் அன்று சாயந்தரத்துக்குள் ஐந்தாம் லயம்வரை போய்விட்டது.

மூக்காயி கவலைப்படவில்லை. அவளுடைய அடுப்பு ஏழு வருடமாக எரிகிற அடுப்பு. அதன் கல் மூன்றும் உள்பக்கம் கரேல் என்று இருந்தன. புதுக் கல்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

புதன்கிழமை காலையில் றப்பர்ப் பால் வெட்டப் போன அழகமுத்துவைப் புடையன் பாம்பு கடித்தது. றப்பர்ச் சருகுக்குள் கிடந்ததை அவன் பார்க்கவில்லை. மருந்துக்காரன் வருவதற்குள் கால் வீங்கி, வாயில் இரத்தம் வந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். வியாழக்கிழமை மத்தியானம் புதைத்தார்கள். ஆண் பிள்ளை இல்லாததால் அண்ணன் முத்துவீரன் மொட்டையடித்து, நீர்க்குடம் உடைத்து, எல்லாம் முறைப்படி செய்தான். அவன் அழுததும் உண்மையான அழுகைதான். மூக்காயி அதைப் பார்த்து அவன் மேல் இருந்த பழைய கசப்பைக்கூட அன்று ஒருநாள் மறந்தாள்.

சாவு வீட்டில் சனிக்கிழமை குழிக்குப் பால் ஊற்றும்வரை அடுப்பு மூட்டக்கூடாது. இறந்தவனுடைய பெண்டாட்டி அடுப்பு மட்டும் அல்ல, கூடப் பிறந்தவன் அடுப்பும் அணைந்து கிடக்க வேண்டும். அக்கம்பக்கத்துக்காரர்கள் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூக்காயி தன் அடுப்புச் சாம்பலை வழித்து எறிந்து, தண்ணீர் தெளித்து, சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புஷ்பம் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இஸ்தோப்பில் ஊதாங்குழல் சத்தம் கேட்டது. பிறகு புகை வந்தது. மூக்காயி முதலில் நம்பவில்லை. பக்கத்துக் காம்பராப் புகை என்று நினைத்தாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், சிட்டம்மா குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையோடு முத்துவீரன் பக்கத்தில் விறகு முறித்துக்கொண்டிருந்தான். தம்பியைப் புதைத்த மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. மூக்காயிக்கு எழுந்து போய் அந்த உலையைக் காலால் உதைத்துவிட வேண்டும் என்று இருந்தது. மடியில் பிள்ளை தூங்குகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அப்போது வெளியே அடுப்பு எண்ண வந்த கிளாக்கர் குரலும் முத்துவீரன் குரலும் மெதுவாகக் கேட்டன. என்ன பேசினார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

பகல் சாய்ந்த பிறகு ஹலீம் நானா ஒரு பொட்டலம் ரொட்டியோடு வந்தார். வாசலுக்கு வெளியே நின்றுகொண்டே நீட்டினார்.

"தங்கச்சி, இத எடுங்க. எங்கட ஊட்டுலயும் மவுத்து நடந்தா மூணு நாளைக்கி அடுப்பு பத்தவெக்கிற இல்ல. பக்கத்து ஊட்டாலதான் சாப்பாடு வரும்."

மூக்காயி வாங்கிக்கொண்டாள். அவர் போகாமல் தயங்கினார்.

"பெரட்டுக் களத்துல பேரு வாசிச்சாங்க. புது லயத்துக்கு. நான் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். உங்கட பேரக் காணல்ல. முத்துவீரன்ட பேருக்குக் கீழ உங்களயும் புள்ளயயும் சேத்து வாசிச்சாரு கிளாக்கர்."

புருஷன் செத்த மூன்றாம் நாள் பெண்பிள்ளை வெளியே இறங்கக்கூடாது என்பார்கள். மூக்காயி ரொட்டியைப் புஷ்பத்தின் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தலைவிரி கோலமாக ஆபீஸ் படியில் போய் நின்றவளைப் பார்த்து நல்லையா கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, நீ இப்பிடி வரலாமோ?"

"என் அடுப்பு எங்கீங்க கிளாக்கரையா?"

"உன்ர அடுப்பு எரியேல்லையே. எரியிற அடுப்பைத்தான் எழுதச் சொல்லித் துரை சொன்னவர்."

"ஏன் எரியலன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க ஊருல சாவு வீட்டுல பொங்கித் திம்பாங்களா?"

நல்லையா மேசையிலிருந்த பேரேட்டைத் தள்ளி வைத்தார். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதாமல் விட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் இருந்தது. மூக்காயிக்கு முத்துவீரன் மேல் வந்ததைவிட இவர் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. தெரியாதவன் செய்தால் மடத்தனம் என்று விட்டுவிடலாம்.

"முத்துவீரனைக் கேட்டனான்" என்றார் அவர். "தம்பி பெண்சாதியும் பிள்ளையும் இனித் தங்கட அடுப்புத்தான் எண்டு அவர் சொன்னார். நான் வேற என்ன எழுதுறது?"

"ஒரே அடுப்புன்னு சொன்னாரா? சரிங்க. ஒரே அடுப்புன்னா, காலையில அது எரிஞ்சுச்சு. அப்ப என் வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுச்சு. அப்ப எம் புருஷன் சாவலைங்களா?"

"பிள்ளை..."

"இருங்க, நான் பேசிடறேன். அந்த மனுஷன் அண்ணன்னா அவரு அடுப்பும் அணைஞ்சிருக்கணும். அணையல. அணையாம இருக்கணும்னா அவரு எங்களுக்குப் பங்காளி இல்ல, யாரோ. யாரோ ஒருத்தரு அடுப்புல எங்களைச் சேத்து எழுத நீங்க யாருங்க? அன்னைக்கு நின்னு அடுன்னா மூணு அர்த்தம்னு சொன்னீங்களே. நீங்க எழுதுனது எந்த அர்த்தம்? பொங்குறதா, கொல்றதா?"

நல்லையா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை என்று படித்த மனிதருக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஆபீஸ் மனிதர் அவருக்குள் முழித்துக்கொண்டே இருந்தார்.

"நீ சொல்லுறது சரி. ஆனால் துரைக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது. அவர் கேட்டது எரியிற அடுப்பு. நாளைக்கு விடியத் திரும்ப ஒருக்கால் வாறன், விடுபட்டது இருக்குதோ எண்டு பார்க்கிற சாட்டில. உன்ர அடுப்பு எரிஞ்சால் எழுதுறன். அதுக்குப் பிறகு பேரேடு பங்களாவுக்குப் போயிடும்."

"நாளைக்குக் காலையிலதான் பாலுங்க. பால் ஊத்துறதுக்கு முந்தியா?"

"முந்தித்தான் பிள்ளை. நான் விடியத்தான் வரலாம்."

திரும்பி நடந்தவள் லயத்துக்குப் போகாமல் ஹலீம் நானாவின் கடைக்குப் போனாள். லயத்தில் ஒரு வீட்டு நெருப்பு இன்னொரு வீட்டுக்குச் சிரட்டையில் போகும். அடுத்த வீட்டிலிருந்து கங்கு வாங்கித்தான் எல்லாரும் அடுப்பு மூட்டுவார்கள். சாவு வீட்டுக்கு யாரும் கங்கு கொடுக்க மாட்டார்கள், அவளும் யாரிடமும் அதைக் கேட்க மாட்டாள்.

"நெருப்புப் பெட்டி ஒன்னு குடுங்க நானா."

ஹலீம் நானா அவளைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை விடியலில் மூக்காயி மூன்று கல்லுக்கு நடுவில் றப்பர் விறகை அடுக்கினாள். இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவது பிடித்தது. ஏழு வருடமாக அந்த இடத்தில் குந்தி ஊதியவள்தான். அன்றைக்கு ஊதும்போது செத்துப்போனவனிடம் மனசுக்குள் பேசினாள். மன்னிச்சுக்க என்று சொல்லவில்லை. "உங்க அண்ணன் செஞ்ச வேலையைப் பாத்துக்கங்க" என்றுதான் சொன்னாள். சட்டியை ஏற்றினாள், அரிசி போட்டாள். வெறும் நெருப்பைக் காட்டி ஏமாற்றினாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது.

லயத்துப் பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள். ஒருத்தி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள். சிட்டம்மா திடுக்கிட்டுப்போய், "ஐயையோ, பால் ஊத்தலையேடி" என்றாள்.

"நீங்க நேத்தே பொங்கிட்டீங்கக்கா" என்றாள் மூக்காயி.

நல்லையா வந்தார். எரிகிற அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

"நல்லா எழுதுங்க கிளாக்கரையா. மூக்காயி அடுப்பு, எம் புருஷன் குழி காயிறதுக்கு முந்தி உங்களுக்காகப் பத்தவெச்சதுன்னு எழுதுங்க."

அவர் ஒரு வரிதான் எழுதினார். எழுதிவிட்டு இறங்கிப் போனார். மூக்காயி சோற்றை இறக்கி, ஒரு பருக்கை வாயில் வைக்காமல், புதரில் கொட்டினாள்.

பொழுது ஏறியதும் குழிக்குப் போனார்கள். முத்துவீரன் பால் செம்புக்குக் கையை நீட்டினான். மூக்காயி அதை எடுத்துப் புஷ்பத்தின் கையில் கொடுத்தாள்.

"என்ன மூக்காயி இது, பொட்டப் புள்ள ஊத்துறதா?" என்றான் அவன்.

"உங்க அடுப்பும் எரிஞ்சிருச்சு, என் அடுப்பும் எரிஞ்சிருச்சு மச்சான். நாம ரெண்டு பேரும் தள்ளி நிப்போம். அடுப்புப் பத்தவெக்காதது அவ ஒருத்திதான்."

கூட வந்தவர்களில் மூத்தவர் கந்தையா கங்காணி. அவர் ஏதாவது சொல்லுவார் என்று முத்துவீரன் அவர் முகத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமைப் புகையை அவரும் பார்த்திருந்தார். "ஊத்தும்மா" என்று புஷ்பத்திடம் சொன்னார். பிள்ளை ஊற்றினாள். ஈர மண் பாலை உடனே உறிஞ்சிக்கொண்டது. முத்துவீரன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டு வேலியோரம் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை புது லயத்தில் பதினாலாம் நம்பர் காம்பராவை அவளுக்குக் கொடுத்தார்கள். மூக்காயி பாயையும் சட்டியையும் கொண்டுபோனாள். மூன்று கல்லையும் கழுவிக் கொண்டுபோய் உள்ளே மூலையில் கூட்டி வைத்தாள். மற்ற எல்லாக் காம்பராவிலும் அன்று பால் காய்ச்சினார்கள். புது வீட்டில் முதல் அடுப்பு, பொங்கி வழிந்தால் நல்லது என்று சிரித்தார்கள். இருபத்தொரு காம்பராவில் புகை வந்தது. பதினாலாம் நம்பரில் வரவில்லை.

திங்கட்கிழமையும் வரவில்லை. எரிகிற அடுப்புக்கென்று கொடுத்த காம்பராவில் அடுப்பு எரியவில்லை என்று ஒருவர் கிளாக்கரிடம் போய்ச் சொன்னார். தனக்கு அது தெரிய வேண்டியதில்லை என்று நல்லையா புத்தகத்தை மூடிவிட்டார். முதல் நாள் யாரும் மூக்காயி பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பால் ஊற்றுவதற்கு முன் பொங்கினவள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதற்காகக் கவிழ்த்த சட்டிக்குப் பக்கத்தில் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது திங்கட்கிழமை மத்தியானம்தான் பெண்களுக்குப் புரிந்தது. புருஷனுக்குக் கொடுக்காமல் பறித்துக்கொண்ட நாளை அவள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அடுப்பு மூட்டாத மூன்று நாளையும் முதலிலிருந்து எண்ணி. அதன் பிறகு ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். இன்னொருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். பேசாமல் வைத்துவிட்டுப் போனார்கள். மூக்காயி ஒவ்வொன்றையும் வாங்கி முதலில் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் சிட்டம்மா வந்தாள். கையில் மூடிய சட்டி. அவளுடைய தம்பி கொஞ்ச தூரத்தில் வேலிக்கால் பக்கம் நின்றான்.

"நம்ம வீட்டுச் சோறு மூக்காயி. புள்ளைக்குக் குடு" என்றாள். "நடந்தத விடு. பெரியவரு உங்களைத் தனியா விட்ருவாரா? நாமெல்லாம் ஒன்னுதானே."

மூக்காயி வாசற்படியில் நின்றாள். சட்டியை வாங்கக் கையை நீட்டவில்லை.

"துக்க வீட்டுக்குச் சோறு கொண்டாறது அடுத்த வீட்டுக்காரங்கக்கா. கூடப் பொறந்த வீட்டுலருந்து வராது, அங்கயும் அடுப்பு அணைஞ்சுதான் கெடக்கும். நீங்க அடுத்த வீட்டுக்காரங்கன்னா குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அடுத்த வீட்டுக்காரங்க எம் புள்ளயக் கேக்க மாட்டாங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

சிட்டம்மா சட்டியையும் பார்த்தாள், தம்பியையும் பார்த்தாள். ஒன்றைச் சொன்னால் சோறு போகும், மற்றதைச் சொன்னால் பெண் போகும். சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். மூக்காயி கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.